வீமனுக்குக் கொடுக்காத பிஸ்கட்

1. வலையோடு போன நாள்

படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற ஒரு ஊருக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடப் போன முதல் நாள், ஒரு நாய்க்குக்கூட ஊசி போடாமல் திரும்பி வந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம் அது. மிருக வைத்திய அலுவலகத்தில் நான் கால்நடை உத்தியோகத்தராகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. கூட வந்தவர் சிவலிங்கம் அண்ணன், அலுவலகத்தில் நாய் பிடிக்கிறவர். நீளத் தடியில் கட்டிய வலை ஒன்று வைத்திருப்பார். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் தெரு ஒழுங்கைக்குள் காலை வைத்ததும் ஊர் நாய்கள் மொத்தமும் வயலுக்குள் இறங்கி ஓடிவிட்டன. அந்தக் காலத்தில் தோளில் நீளமாக எதையாவது சாத்திக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் ஓட வேண்டும் என்று மனிதருக்குத் தெரிந்ததுபோல நாய்க்கும் தெரிந்திருந்தது.

தடுப்பூசி மருந்து குளிரிலே இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் ஐஸ் கரைந்தால் மருந்தைக் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான். நாய்களைத் துரத்தித் துரத்தி வெயில் ஏறிவிட்டது. துறைக்கு வந்து, வள்ளம் ஏறி, இக்கரையில் ஆமியின் காவலரணில் பெட்டியைத் திறந்து காட்டி, அலுவலகம் போய்ச் சேரும்போது மிருக டொக்டர் வாசலில் நின்றார்.

"வலையோட போனா நாய் வருமா பிள்ள? நீயெண்டா போவியா?"

"வேற என்ன செய்யிற சேர்?"

"தின்ன ஏதும் குடுத்துக் கூப்பிடு."

"என்னத்தக் குடுக்கிற?"

"அத நீதான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் டொக்டர் நல்ல மனிதர். யோசிக்கிற வேலையை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

2. தணல் பிஸ்கட்

இப்போது கடையில் பைக்கற்றில் நாய் பிஸ்கட் விற்கிறார்கள். அன்றைக்கு மட்டக்களப்பில் மனிதர் தின்கிற பிஸ்கட்டே ஒழுங்காக வரவில்லை. ஆரையம்பதியில் என் வீட்டுக் குசினியில்தான் செய்து பார்த்தேன்.

கருவாட்டு மணத்துக்கு எந்த நாயும் வரும். ஆனால் அதில் உப்பு அதிகம், நாய்க்கு ஆகாது. வெங்காயமும் ஆகாது. அதனால் வாவியில் பிடிக்கிற சின்ன மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளோடு வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, உரலில் இடித்துத் தூளாக்கினேன். குரக்கன் மா, ஒரு முட்டை, அவித்து மசித்த பூசணிக்காய், அந்த மீன் தூள். இவ்வளவையும் தண்ணீர் அதிகம் விடாமல் பிசைந்து, தட்டி, விரல் அளவு துண்டுகளாக வெட்ட வேண்டும். சுடுவதற்கு அவண் அடுப்பு எங்கே இருந்தது? தாச்சிச் சட்டியில் அடுக்கி, தட்டால் மூடி, கீழேயும் தட்டின் மேலேயும் சிரட்டைத் தணல் போட்டு வேகவிட்டேன். வெந்தபின் வெயிலில் காயவைத்தால் ஒரு கிழமைக்குப் பழுதாகாது.

அவர் (என் வீட்டுக்காரர்) வாசலில் நின்று பார்த்தார். "மனிசனுக்குப் பாண் இல்ல. நாய்க்கு பிஸ்கட் சுடுறா" என்றார். பிறகு ஒன்றை எடுத்து வெறும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார். இன்னொன்றும் எடுத்தார். நான் பிஸ்கட் டின்னை மேல்தட்டில் தூக்கி வைத்தேன்.

அடுத்த முறை போகும்போது காவலரணில் ஒரு ஆமிக்காரன் டின்னைத் திறந்து மணந்து பார்த்தான்.

"இது ஆருக்கு?"

"நாய்க்கு."

அவன் என்னைப் பார்த்தான், சிவலிங்கம் அண்ணனைப் பார்த்தான், மறுபடியும் டின்னைப் பார்த்தான். அக்கரைக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டு போவது என்றால் நூறு கேள்வி. நாய்க்கு என்றால் என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. காவலரணில் படுத்திருந்த நாயின் முன்னால் ஒன்றைப் போட்டான். அது தின்றுவிட்டு எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தது. அந்த நாய்க்கும் அங்கேயே ஊசி போட்டுவிட்டுத்தான் வள்ளம் ஏறினோம்.

அன்றைக்கு ஊரில் பள்ளிக்கூட வளவுக்குள் நாய்கள் தாங்களாகவே வந்தன. ஒரு கையில் பிஸ்கட், மற்றக் கையில் ஊசி. நாய் கடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஊசி போட்ட நாய்க்கெல்லாம் கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டினோம். எனக்கு "நாய் மிஸ்" என்று பெயரும் வந்தது. அந்த ஊரில் என் சொந்தப் பெயர் கடைசிவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

3. யோகம்மா

சிவப்புப் பட்டி சும்மா அடையாளத்துக்கு இல்லை. பக்கத்து ஊரில் ஒரு ஆள் விசர்நாய் கடித்து இறந்திருந்தார். அதனால் ஊர்ச் சங்கத்தார் கூடி, பட்டி இல்லாத நாயை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அடித்துக் கொல்வது என்று முடிவு எடுத்திருந்தார்கள். சங்கத் தலைவர் என்னிடம் அதை நேராகவே சொன்னார்.

"ஒண்டையும் விடமாட்டம் மிஸ். செத்தது எங்கட சொந்தக்காரன்."

"எல்லா நாயும் வந்திட்டா?"

"யோகம்மாட வீமன் மட்டும் வரல்ல. அது ஆரையும் கிட்ட எடுக்காது."

யோகம்மாவின் வீடு ஊர்க்கடைசியில், வயல்வட்டை முடிந்து, வாவித் தண்ணீருக்குள் நிற்கிற கண்ணாக் காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. புருஷன் இல்லை. நாலைந்து எருமை வைத்துத் தயிரும் நெய்யும் விற்று, மகளோடு இருந்தாள். நாங்கள் வேலிக்குக் கிட்டப் போகும் முன்னமே நாய் குலைக்கத் தொடங்கியது. கறுத்த, நெஞ்சு அகன்ற நாய். குலைப்பு என்றால் வயல் முழுக்கக் கேட்கிற குலைப்பு. நான் ஒரு பிஸ்கட்டை வேலிக்கு மேலால் எறிந்தேன்.

வீமன் குலைப்பை நிறுத்தினான். மூக்கை நீட்டினான்.

யோகம்மா குசினிக்குள் இருந்து ஓடி வந்து, அவன் வாய் வைப்பதற்குள் அந்த பிஸ்கட்டை எடுத்து வேலிக்கு வெளியே வீசினாள்.

"மிஸ், உங்களக் கையெடுத்துக் கும்பிடுறன். என்ட நாய்க்கு ஒண்டும் குடுக்காதீங்க."

முன்னொரு காலத்தில் தெருநாய்களுக்கு இறைச்சியில் நஞ்சு வைத்துக் கொன்றவர்கள் இருந்தார்கள். அந்தப் பயம்தான் என்று நினைத்து ஒரு பிஸ்கட்டை நானே கடித்துக் காட்டினேன்.

"நஞ்செண்டு நான் சொல்லல்ல" என்றாள். "நல்ல சாமான்தான். ஊர் நாயெல்லாம் உங்களுக்குப் பின்னால திரியிதே. அதான் எனக்குப் பயம்."

எனக்கு விளங்கவில்லை. சிவலிங்கம் அண்ணன் வலையைச் சரிபார்த்தார். யோகம்மா அவரைப் பார்த்துவிட்டு, நாயை அங்கேயே விட்டுவிட்டு எங்களைப் பள்ளிக்கூடப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு நடந்தாள். வீடு மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்கொரு பொம்புளப் புள்ள. பதினேழு வயசு. ஒரு கிழம ஒரு பகுதி ஆக்கள் வாறாங்க, மறு கிழம மற்றப் பகுதி. வாற ஆக்கள் ஆரெண்டாலும் வயல் தாண்டித்தான் வரணும். வீமன் குலைச்சா புள்ள பின்னால இறங்கிக் கண்ணாவுக்குள்ள போயிருவாள். அவன் வாயில தீன் இருந்தா எப்பிடிக் குலைக்கிற? புறத்தியான் கையால ஒண்டு வாங்கித் திண்டானெண்டா, மறுகா எவன் வந்தாலும் வால ஆட்டிக்கிட்டு நிப்பான்."

அந்த ஊரில் பள்ளிக்கூட வளவில் அத்தனை நாயையும் வால் ஆட்ட வைத்தவள் நான்தான்.

"ஊசி போடாட்டி வெள்ளி கழிஞ்சா அடிச்சுப் போடுவாங்க" என்றேன்.

"தெரியும். அதுக்குத்தான் உங்களோட வாறன். வேற வழி சொல்லுங்க."

4. பப்பாளிக்காய்

வலை போட்டால் வீமன் கண்ணாக் காட்டுக்குள் போய்விடுவான். கட்டிவைத்து நான் கிட்டப் போனால் யோகம்மா பக்கத்தில் நின்று அவனை அடக்க வேண்டும். வேற்று ஆள் வரும்போது அவனை அடக்கி அவளுக்குப் பழக்கமே இல்லை. இதுநாள் வரைக்கும் குலைத்ததற்காக அவனை ஒரு முறையும் ஏசியதில்லை என்றாள். இன்றைக்கு ஏசினால் நாளைக்குக் குலைப்பதற்கு யோசிப்பான்.

அவள் கையால் கொடுத்தால் தின்பானா என்று கேட்டேன். "என்ட கையால மட்டும்தான் திம்பான்" என்றாள்.

அப்படியானால் ஊசியையும் அவளே போடட்டும் என்று நினைத்தேன். பள்ளிக்கூட வளவில் ஒரு பப்பாளி மரம் நின்றது. ஒரு காயைப் பறித்து, அதன் மேலே ஈரத்துணியை மடித்துப் போட்டேன். நாயின் பிடரியில் தோல் தளர்வாக இருக்கும். அதைக் கூடாரம்போலத் தூக்கி, அடியில் ஊசியைச் செலுத்தினால் போதும், நாய்க்குப் பெரிதாகத் தெரியாது. ஊசியில் வெறும் தண்ணீர் நிரப்பி யோகம்மாவின் கையில் கொடுத்தேன். எருமையில் பால் கறந்த கை. முதலாவது குத்து துணிக்கு இந்தப் பக்கமாக வந்து மற்றப் பக்கமாகப் போனது. பிறகு சரியாக வந்தது. சிவலிங்கம் அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ள, இதுக்கு டொக்டர் என்ன சொல்லுவார்?"

"அத அங்க போய்ப் பாப்பம் அண்ண."

என் டின்னில் இருந்த பிஸ்கட்டை அவள் வாங்கவில்லை. அதில் என் கை மணம் இருக்கும் என்றாள். அவள் சொன்னது சரி. அன்று காலையில் அவள் நெய் காய்ச்சியிருந்தாள். நெய்யை வடித்தால் சட்டியின் அடியில் கசண்டு கறுப்புச் சிவப்பாக ஒட்டியிருக்கும். குரக்கன் மாவை அந்தச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்து, ரொட்டிச் சட்டியில் சின்னச் சின்னதாகச் சுடச் சொன்னேன். மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், உப்பும் வேண்டாம். ரொட்டி மாதிரித்தான், ஆனால் நல்லாக் காய வேண்டும் என்றேன்.

எங்கள் மணம் வீமனுக்குப் போகாமல் நாங்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய், வயலுக்குள் இருந்த வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றோம். கண்ணால் பார்க்காமல் பட்டி கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஊசியையே கொடுத்துவிட்டு அதிகாரத்தைப் பற்றி யோசித்தது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தன் கையில் குத்திக்கொண்டால்? நாய் திரும்பிக் கடித்தால்? வேலை போவது இருக்கட்டும், அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

யோகம்மா வாசலில் குந்தினாள். வீமன் வந்தான். நெய்க் கசண்டு மணம் எங்கள் வரைக்கும் வந்தது. அவள் ஒரு துண்டைக் கொடுத்தாள், அவன் தின்றான். இரண்டாவது துண்டைக் கையிலே பொத்திப் பிடித்து நக்கவிட்டாள். மற்றக் கை பிடரிக்குப் போனது. வீமன் ஒரு தரம் தலையைத் திருப்பினான். அவள் கையைத் திறந்து துண்டை நிலத்தில் விட்டாள். அவன் மறுபடியும் குனிந்து தின்னத் தொடங்கினான். அவன் தின்று முடிப்பதற்குள் அவள் ஒரு கையால் பிடரித் தோலைத் தூக்கி மற்றக் கையால் ஊசியைச் செலுத்திவிட்டாள்.

பட்டியையும் அவளே கட்டினாள். வெறும் ஊசியைக் கொண்டு வந்து என்னிடம் தந்தாள்.

5. டொக்டர்

"ஊசிய ஆருக்கிட்டக் குடுத்தாய்?"

"நாய்க்காரிக்கிட்ட சேர்."

எழுந்து இரண்டு தரம் அறைக்குள் நடந்தார். சட்டத்தில் இடமில்லை என்றார், எனக்குப் புத்தி இல்லை என்றார். நான் யோகம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். அவருக்கும் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

"இனிமே ஊசி நீதான் போடணும்" என்றார் கடைசியில். "பிஸ்கட்ட மட்டும் நாய் வீட்டு ஆக்களுக்கிட்டக் குடு."

அப்படித்தான் பிறகு எங்கள் அலுவலகத்தில் வழக்கமானது. நாய் என்னிடம் வராது, நாயை வைத்திருக்கிறவரிடம் வரும். பல இடங்களில் பிஸ்கட்டையே கொண்டு போகவில்லை. செய்கிற விதத்தை முதலே சொல்லி அனுப்பினோம், வீட்டுக்காரர்கள் தங்கள் சட்டியில் தாங்களே சுட்டு வைத்திருந்தார்கள். உன்னிச்சைப் பக்கத்தில் எருமை வைத்துத் தயிர் விற்கிற பட்டிக்காரர்கள் எங்களைவிட நன்றாகச் சுட்டார்கள். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு நாயைக் கூப்பிடுவதற்கு முன்னால், அது யாருக்காகக் குலைக்கிறது என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

6. சொல்லாமல் போனது

மறு வருஷம் அடுத்த ஊசிக்குப் போனோம். வழக்கமாக ஆள் அனுப்பி நாளைச் சொல்லிவிட்டுத்தான் போவோம். அந்த முறை துறை பல நாளாகப் பூட்டிக் கிடந்து, திறந்த அன்றே வள்ளம் கிடைத்ததால் சொல்லாமல் போக வேண்டியதாகிவிட்டது.

யோகம்மாவின் வீட்டுக்கு ஒரு வயல் தூரம் இருக்கும்போதே வீமன் தொடங்கிவிட்டான். நான் வரம்பில் நின்றேன், சிவலிங்கம் அண்ணனையும் நிற்கச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் வேலிப் படலை அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. கண்ணாவுக்குள் தண்ணீர் சளசளவென்று கலங்கி அடங்கியது.

யோகம்மா உலக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"ஆரது?"

"நான்தான் யோகம்மா. நாய் மிஸ்."

"சொல்லாம வாறதா மிஸ்?" குரலில் நல்ல கோபம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் வயலை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகு உலக்கையைச் சுவரில் சாத்தினாள். அப்போதும் மகளைக் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புள்ள, வா. மிஸ்தான்."

மகள் கண்ணாவுக்குள் இருந்து வந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தது. இடது கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தண்ணீர் படாமல் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்தாள். அந்தக் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஈரத்தோடு குசினிக்குள் போய்க் குந்தி, மிச்சத்தைச் சாப்பிட்டாள். வீமன் என்னைப் பார்த்துக் குலைத்துக்கொண்டே இருந்தான். அவனைப் பேசாமல் இருக்கும்படி நாங்கள் யாரும் சொல்லவில்லை.