நான் ரிப்பேர் செய்து கெடுத்த ஏசி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு அக்டோபர் மாதம். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பழைய டயர் குடோனைச் சுத்தம் செய்து கலைக் கண்காட்சிக்கு விட்டிருந்தார்கள். நான் அந்தப் பகுதியில் ஏசி டெக்னீஷியன். நெதர்லாந்திலிருந்து ஒரு பெரிய இசையமைப்பாளர் வருகிறார், பத்து நாள் அவருக்கு ஏணி பிடி, வயர் இழு என்று எங்கள் சூப்பர்வைசர் என்னை அங்கே டூட்டி போட்டுவிட்டார்.

ஆர்மோனியம், வயலின் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டு போனேன். வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒல்லியான அம்மா. கொண்டு வந்தது இரண்டு பெட்டி மைக், ஒரு கம்ப்யூட்டர், பன்னிரண்டு டிவி திரைகள். பெயருக்கு ஒரு வாத்தியம்கூட இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் என் அரைகுறை இங்கிலீஷில் அவர் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் பியானோ படித்தாராம். பதினெட்டு வயதில் ஒரு காய்ச்சலில் வலது காது போய்விட்டது. இனி உனக்கு இது சரிப்படாது என்று இசைக் கல்லூரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ரேடியோ நிலையத்தில் டேப் வெட்டி ஒட்டும் வேலை. இருமல், கதவுச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம் என்று மற்றவர்கள் குப்பையில் போட்ட துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டித்தான் முதல் இசையை உண்டாக்கினாராம். அதைக் கேட்க ஏழு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சத்தத்தோடு படத்தையும் சேர்த்து, முப்பது நாற்பது வருடமாக ஊர் ஊராக இதே வேலைதான்.

அந்தக் குடோனின் மூலையில் ஒரு கிழட்டு விண்டோ ஏசி. ‘டக டக டக... டொக்’ என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். அந்த அம்மா தினமும் அதன் முன்னால் போய் இடது காதைத் திருப்பிக்கொண்டு நிற்பார். எனக்கு மானம் போனது. என் பொறுப்பில் இருக்கிற மிஷின், அதுவும் ஒரு விருந்தாளி முன்னால்.

திறப்பு விழா அன்று மதியம் அவர் குளித்து உடை மாற்ற ஹோட்டலுக்குப் போனார். இதுதான் நேரம் என்று ஏசியைக் கழற்றினேன். ஃபேன் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் என்கிற வளையம் தேய்ந்திருந்தது, அதுதான் அந்தச் சத்தம். புதுசு போட்டு, கிரீஸ் வைத்து, எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கினேன். பின்பக்கம் டேப் போட்டு ஏதோ ஒரு சின்ன சென்சார் ஒட்டியிருந்தது. அதையும் பத்திரமாகப் பழைய இடத்திலேயே வைத்தேன். ஏசி பூனை நடப்பதுபோல ஓடியது. அந்த அம்மா எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன்.

மூன்று மணிக்கு வந்து சுவிட்சைப் போட்டார். பன்னிரண்டு திரையும் கறுப்பு.

கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஒருவர் வந்தார், அப்புறம் இன்னொருவர். எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி சொருகினார்கள். நானும் மேசைக்கு அடியில் தவழ்ந்து பிளக் பார்த்தேன். நல்லவேளை, ஏசியாவது ஒழுங்காக ஓடுகிறது, இல்லையென்றால் இவர்களுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கும் என்றுகூட நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு மெல்லிய வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனார் இன்ஜினியர். அது நேராக என் ஏசியில் போய் நின்றது. நான் சென்சார் என்று நினைத்தது மைக். அந்த டக டக சத்தத்துக்குத்தான் திரைகளில் படம் ஓட வேண்டும். திறப்பு விழாப் பரபரப்பில் சத்தம் நின்றதை அந்த அம்மாவும் கவனித்திருக்கவில்லை.

“மேடம், ஏசி... ஐ ரிப்பேர்” என்றேன்.

அவர் ஏசியில் இடது காதை வைத்துக் கேட்டார். “குட் ரிப்பேர்?”

“வெரி குட் மேடம்.” வாயிலிருந்து வந்துவிட்டது.

அதற்குள் யாரோ போன் போட்டு எங்கள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர்.

“யாரு கைய வச்சது? சொல்லுதியா, இல்ல இப்பவே விசாவ கேன்சல் போட்டு ஊருக்கு அனுப்பட்டுமா?”

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா குறுக்கே வந்தார். நான்தான் சரிசெய்யச் சொன்னேன், சத்தம் அதிகமாக இருந்தது என்று இங்கிலீஷில் சொன்னார். சூப்பர்வைசர் “யெஸ் மேடம்” என்று பின்வாங்கினார்.

பழைய புஷ்ஷைத் தேடினால், குப்பை லாரி ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், வேறு சத்தம். அட்டையைச் சொருகினேன், அந்த அம்மா கத்தரிக்காயில் புழுவைப் பார்த்ததுபோல முகம் சுளித்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த ஏசிக்கு மட்டும் எத்தனை கம்ப்ளெயின்ட் பார்த்திருப்பேன், அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். ஒரு கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி, அந்தத் தகட்டை ஃபேன் பிளேடில் படுகிற மாதிரி நீட்டினேன். டக டக டக... டொக். பன்னிரண்டு திரையிலும் வெள்ளை அலை ஓடியது. “கலாஸ்” என்றார் அந்த அம்மா. முடிந்தது என்று அர்த்தம், இங்கே வந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே அரபி வார்த்தை.

ஆனால் ஐந்து நிமிடத்தில் தகடு வளைந்துவிடுகிறது. யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே, கந்தூரா என்கிற நீள அரபி அங்கியும் கோட்டும் போட்ட பெரிய மனிதர்கள் முன்னால் நின்று ரசித்தபோது, நான் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஏணியில் உட்கார்ந்து கட்டிங் பிளேயரால் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒன்றரை மணி நேரம். நடுவில் தூசி ஏறி ஒரு தும்மல். கை ஆடி, தகடு அலறி, பன்னிரண்டு திரையிலும் மின்னல் வெட்டியது. கைதட்டல் கேட்டது. அந்த இடம்தான் உச்சம் என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னாராம்.

முடிந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, இன்றைக்கு வாசித்தவர் இவர்தான் என்றார். முகமெல்லாம் கிரீஸ். என்ன செய்வதென்று தெரியாமல் சல்யூட் அடித்தேன். அதற்கும் தட்டினார்கள். சூப்பர்வைசரும் சேர்ந்து தட்டினார்.

எனக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டால் தகட்டை யார் பிடிப்பது?” என்று சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அவர் பொய் சொன்னபோது தகடும் இல்லை, யோசனையும் இல்லை. அவருடைய பத்து நாள் உழைப்பு கண் முன்னால் செத்துக் கிடந்தது. இன்று என்னோடு வேலை செய்கிறவர் யாராவது எதையாவது கெடுத்துவிட்டு வந்து நின்றால், கத்துவதற்கு வாயைத் திறக்கும்போதே அந்த அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. எல்லா நாளும் முடிவதில்லை, பாதி நாளாவது வாயை மூடிக்கொள்கிறேன்.