இரண்டு பெயரில் ஒரு சண்டை

எங்கள் இணையக் கால்பந்து ரசிகர் குழுவில் இரண்டு பேர், எதிரெதிர் அணிகளுக்காகக் குடும்பத்தையே இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். அதைப் படித்துப் பலர் விலகினார்கள். குழுவை நடத்தும் எனக்கு அதுதான் கவலை.

வேங்கிக்கால் ஊரில் ஆன்லைன் விண்ணப்பம் பதியும் கடைக்காரர் மெல்லப் பேசுபவர். கைரேகை விழாத பெரியவர்களின் விரலைக் கைக்குட்டையால் துடைத்து, "இன்னொரு வாட்டி வைங்கம்மா" என்பார்.

ஒருநாள் அவர் கைபேசியை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டேன். எங்கள் குழுவில் ஒரு பெயரில் திட்டிவிட்டு, அடுத்த பெயருக்கு மாறி அவரே பதிலுக்கும் திட்டினார். அதே இரண்டு பெயர்கள்!

"ரெண்டும் நீங்களா?"

"ஆமாங்க. நாள் முழுக்க எல்லாருக்கும் சரிங்க, சரிங்கன்றேன். கோவம் எங்கயாவது போவணுமே. அடுத்தவங்களத் திட்னா பாவங்க."

அன்றே இரண்டு பெயர்களையும் நீக்கினேன். இப்போது அவர் யாரைத் திட்டுகிறார் என்றுதான் தெரியவில்லை.