ரயில் கட்டணம் ஏற ஒரு மெழுகுதிரி

ரயில் கட்டணம் ஏற வேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திய முட்டாள் மன்னார்த் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிள்ளைக்கு விசாவும் வலைக்கு மீனும் கேட்டு நின்றவர்களுக்கு நடுவில், நான் ஏழைபாழைகள் ஏறும் ரயிலுக்கு விலையேற்றம் கேட்டு நின்றேன். காரணம், என்னிடம் ஒரு வான் இருந்தது.

கிழமைக்கு இரண்டு தடவை கொழும்புக்கு ஆளேற்றி ஓடுவேன். மாதம் தவறாமல் வருகிறவர் பேசாலை மாமி. உறவில்லை, வானில் எல்லோருக்கும் அவர் மாமிதான். கடற்கரை வாடியில் மீன் காயவைக்கிற வேலை. கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்யும் ஒரே மகளைப் பார்க்கப் போவார். மடியில் கருவாட்டுப் பொதி இருக்கும். யாராவது மூக்கைப் பொத்தினால், "இறங்கேக்க ஒரு துண்டு தாறன், அதுவரைக்கும் பொறுங்கோ" என்பார். வானே சிரிக்கும். நானும் சிரிப்பேன், மறுநாள் மணம் போக வானைக் கழுவுகிறவனும் நானே.

பிறகு டீசல் விலை ஏறியது. நானும் ஏற்றினேன். மாமி ரயிலுக்கு மாறினார். அவரோடு பாதி வானும் மாறியது. ஒருநாள் ரயில் கடவையில் வெறும் வானோடு நின்றேன். ரயில் நிரம்பி வழிந்துகொண்டு போனது. யன்னலில் என் பழைய பயணிகள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன், வேறென்ன செய்வது? அன்றைக்குத்தான் மெழுகுதிரி வாங்கினேன்.

அந்தோனியார் கேட்டாரோ, அரசாங்கம் கேட்டதோ, சில மாதங்களில் ரயில் கட்டணமும் ஏறியது. வானைத் துடைத்து மினுக்கிக்கொண்டு பேசாலைக்குப் போனேன். ரயிலை விட்டவர்கள் நேரே என் வான் கதவுக்குத்தான் வருவார்கள் என்பது நான் கற்றிருந்த பொருளாதாரம். மாமி வாடியில் மீன் பரப்பிக்கொண்டிருந்தார்.

"ரயிலும் விலைதானே மாமி, இனி வானில வாங்கோவன்" என்றேன்.

"நான் இப்ப போறேல்லத் தம்பி. பிள்ளையோட போனில கதைக்கிறன்."

அவ்வளவுதான். குனிந்து மீனைப் புரட்டினார். ரயில் காசுக்கும் வழியில்லாதவர்கள் வானில் ஏறமாட்டார்கள், வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது டீசல் கொஞ்சம் இறங்கி, வானிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கடவையில் நிற்கும்போதெல்லாம் ரயில் யன்னல்களில் மாமியைத் தேடுகிறேன். என் வானில் வரவேண்டாம், அதிலாவது போகட்டும்.

அன்றைக்கு வாடியை விட்டு வர மனமில்லாமல் இன்னொன்றும் கேட்டுப் பார்த்தேன்.

"காசு வேண்டாம், வெள்ளிக்கிழமை நான் சும்மா கொண்டுபோறன் மாமி, வெளிக்கிடுங்கோ" என்றேன்.

மாமி நிமிரவில்லை.

"சும்மா எண்டால் ஒருக்காத்தான் வரலாம்."