காவடிக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்ன எங்கள் அக்கா

இதை எழுத எனக்கு இத்தனை வருடங்கள் ஆயின. அக்காவின் முதல் நினைவு நாளுக்கே நினைவு மலர் போடலாம், எழுதிக் கொடு என்று அக்கா வீட்டுக்காரரான பாவா கேட்டார். பிறகு, பிறகு என்று தள்ளினேன். நான் பத்தாவதோடு நின்றவன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அக்காவைப் பற்றி உறவுக்குள் ஒரு கதை உலவுகிறது. அதைத் திருத்தினால் தணிகை வேலவனைக் குறைத்துச் சொன்னதாகிவிடுமோ என்று பயம். அவனையே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் அப்பா நைனாவுக்குத் தறி வேலை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். பிறகு திருத்தணியில் மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் பாவாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அந்த வீட்டில் ஒரு வேண்டுதல் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருபவர்களுக்கு வாசலில் பந்தல் போட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள். பாவாவின் தாத்தா காலத்திலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை.

அந்தத் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே போனது. சாக்கடை மேல் எல்லோரும் வாசற்படி கட்டிவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது. ஏதாவது ஒரு வீட்டில் வயிற்றுப்போக்கு இருந்துகொண்டே இருக்கும். அக்காவின் மகள் மஞ்சள் காமாலையிலிருந்து பிழைத்தது சாமி புண்ணியம்.

அப்போது ஒரு அமைப்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஊரில் தண்ணீர், சாக்கடை, நடைபாதை எல்லாம் ஜனங்களின் உடம்புக்கு ஏற்றபடி அமைய நகராட்சியோடு சேர்ந்து திட்டம் போடுகிறவர்கள். தெருவுக்குத் தெரு நலக்குழு ஏற்படுத்தினார்கள். எங்கள் தெருக் குழுவில் அக்கா சேர்ந்தார். மேடம், மருந்து போட்ட இரண்டு சின்ன பாட்டில்களில் குழாய்த் தண்ணீர் பிடித்து, "யார் கையும் படாத எடத்துல வையுங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று கொடுத்துப் போனார். ஒன்றை எதிர் வீட்டு அம்மா சமையலறைப் பரணில் வைத்தார். அக்காவுக்கு யார் கையும் படாத இடம் என்றால் சாமி அறைதான். முருகர் படத்துக்கு முன்னால், விளக்கின் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. மேடம் பார்த்து, "மலம் கலந்த தண்ணிதாங்க்கா இந்த மருந்து பட்டா இப்டி கறுக்கும்" என்றார்.

"ஐயோ முருகா! அதையா உன் பக்கத்துல வச்சி கற்பூரம் காட்டினேன்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். மேடம் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். ஆனால் அறையைக் கழுவி முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "படத்துக்கு முன்னால வச்சதுக்கே இப்டி பதறுறேன். இத்தினி வருஷமா அவன் காவடிய தூக்கினு வந்தவனுக்கு இதத்தானே ஊத்திகினு இருந்தோம்?" என்றார்.

குழாயை மாற்ற வேண்டுமானால் படிகளை இடிக்க வேண்டும். தெருவில் ஒருவரும் ஒப்பவில்லை. கிருத்திகை நெருங்கியது. இந்த வருடம் நம் வாசலில் தண்ணீர் கிடையாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

பாவாவுக்கு வந்ததே கோபம். "இன்னாடி பேசற? எங்க தாத்தா காலத்து வேண்டுதல். கேன் தண்ணியாச்சும் வாங்கி வச்சிட்டு போயேன்!"

"கேன் வச்சா நீங்க குழாய மறந்துடுவீங்க. படி அப்டியே இருக்கும்."

"சாமி குத்தம் ஆயிடும்."

"குத்தம் எப்பவோ ஆயிடுச்சி. நான் அத நிறுத்தலாம்னு சொல்றேன்."

கிருத்திகையன்று அக்கா பந்தல் போட்டார். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்தவர்களிடமெல்லாம், "எங்க தெரு தண்ணி கெட்டுப்போச்சி சாமி. அடுத்த தெருவுல போர் தண்ணி நல்லா இருக்குது, அங்க குடிங்க" என்று கை கூப்பினார். பள்ளிப்பட்டிலிருந்து காவடியோடு வந்த பெரியவர் ஒருவர், "தணிகையில தண்ணி இல்லன்னு சொல்ற வூட்ட இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிப் போனார். அக்கா அழுதார், எழுந்திருக்கவில்லை. அந்தப் பேச்சு உள்ளே இருந்த பாவாவுக்கும் கேட்டது, தெருவுக்கும் கேட்டது.

விழா முடிந்ததும் பாவாவே கடப்பாரை எடுத்துத் தன் வீட்டுப் படியை இடித்தார். எதிர் வீட்டுக்காரர், "இன்னாய்யா, வூட்டம்மா ஆர்டரா?" என்று கேட்டார்.

"ஆங், ஆர்டர்தான். அடுத்தது உன் படி."

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இடித்தார்கள். நகராட்சி சாக்கடைக்குள் கிடந்த பழைய குழாயைப் பிடுங்கிவிட்டு, சாக்கடையை விட்டுத் தள்ளிப் புதுக் குழாய் பதித்தது. சாக்கடைக்கு மூடி போட்டது. மேடம் மறுபடி பாட்டில் கொடுத்தார். இந்த முறை அக்காவும் பரணில்தான் வைத்தார். கறுக்கவில்லை. அடுத்த கிருத்திகைக்கு அண்டா நிமிர்ந்தது. முதல் டம்ளரை அக்கா குடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

இதய நோயில் படுத்த கடைசி நாட்களிலும் பேச்சு தெளிவாக இருந்தது. மகள் டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது, "இன்னா தண்ணி?" என்று கேட்டார்.

"குழாய் தண்ணிதாம்மா."

"அப்ப குடு."

அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்த மேடத்துக்கும் அவர்கள் அமைப்புக்கும், குழாய் பதித்த நகராட்சித் தொழிலாளர்களுக்கும், படி இடித்த தெரு ஜனங்களுக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். முருகன் கனவில் வந்து தடுத்தான், அவன் முன்னால் வைத்த தண்ணீர் அற்புதமாகக் கறுத்தது என்று நம் உறவில் சொல்கிறார்கள். கனவு எதுவும் வரவில்லை. எல்லாம் அவன் செயல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அற்புதம் என்று சொன்னால், கேட்கிறவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் வீட்டுப் படி அப்படியே இருக்கும். ஆகவே இதைப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எதிர் வீட்டுப் பரணில் இருந்த பாட்டிலும் அதே மாதிரிதான் கறுத்தது. அதை விட்டுவிடாதீர்கள்.