அண்ணன் சேர்த்த கல்லும் தேக்கும்

எங்கள் அண்ணன் இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிப் படிக்கும் உங்களுக்கு அவர் வாழ்வைச் சொல்ல, தங்கையாகிய நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

திருக்காட்டுப்பள்ளியில், குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தின் தலைமகன் அவர். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பை விட்டு, மும்பையில் ஒரு பழைய ஓட்டலில் பரிமாறும் வேலைக்குப் போனார். எனக்குத் திருமணம் செய்து வைத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். 1960களில் செய்த தேக்குத் தட்டுகளும் பளிங்குப் பலகைகளும் கருங்கல் கிண்ணங்களும் அந்த ஓட்டலில் புழக்கத்தில் இருந்தன. பூவேலை எதுவும் இராது. வளைவும் வழவழப்பும்தான் அழகு. ஓட்டலைப் புதுப்பித்தபோது கழித்துப் போட்டவற்றை அண்ணன் கேட்டு வாங்கி வந்தார். ஊர் திரும்பிய பிறகும் கொச்சி, புதுச்சேரி என்று பழைய சாமான் கடைகளில் தேடி, லாரியில் வரவழைத்தார்.

கனமான பெட்டிகள் இறங்குவதைப் பார்த்த யாரோ, அந்த வீட்டில் கோயில் கற்களைப் பதுக்குகிறார்கள் என்று புகார் செய்துவிட்டார்கள். அதுவும் எங்களைப் போன்ற வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீட்டில் என்றால் கேட்க வேண்டுமா? ஒருநாள் முற்பகலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. நானும் அப்போது அங்கே வந்து தங்கியிருந்தேன். அண்ணி கையிலிருந்த முறம் நழுவி அரிசி சிதறியது.

"இதெல்லாம் என்ன பெரியவரே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சோறு கறி பரிமாறுற சாமான் சார்."

"கல்லுலயா?"

கருங்கல் கிண்ணங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, "வெளியூர் எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன்பின் தெருவில் எவரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அண்ணன் எழுந்து நின்றுவிடுவார்.

"மிச்சத்தைக் காவேரியில போட்டுடுவோங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது" என்று அண்ணி அழுதார்.

"எனக்கும்தான் நடுங்குது. ஆனா போட்டா, நாம திருடங்கன்னு ஆயிடும்."

அந்த நேரத்தில் வீடு தேடி வந்தவர் அண்ணனின் பள்ளித் தோழரான கோயில் தர்மகர்த்தா ஒருவர்தான். "கெளம்புடா ஸ்டேஷனுக்கு, நானும் வரேன்" என்று அழைத்துப் போனார். "எங்க கோயில்ல ஒரு கல்லுகூடக் குறையல சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லி, எழுதியும் கொடுத்தார். கிண்ணங்கள் மெஷினில் கடைந்தவை, பழங்காலத்தவை அல்ல என்று ஆய்வு செய்தவர்களும் சொல்ல, எல்லாம் திரும்பி வந்தன.

வந்த பெட்டியைத் தொடவே அண்ணன் பயந்தார். கிறிஸ்துமஸ் அன்றுதான் மனத்தைத் தேற்றிக்கொண்டு தானே அதைப் பிரித்தார். தெருவையே அழைத்து அவற்றில் பரிமாறினார். புகார் செய்தது யார் என்று கடைசிவரை விசாரிக்கவில்லை.

ஆனால் அந்தப் பயம் அவரை முழுதாக விட்டுப் போகவில்லை. இதய நோயால் மருத்துவமனையில் கிடந்தபோது காலடிச் சத்தம் கேட்டாலும் என் கையை இறுக்கிப் பிடிப்பார். "பயமா இருக்கும்மா, எங்கயும் போயிடாத" என்றார்.

"இங்கதான் இருக்கேண்ணே" என்றேன். எனக்கும் பயம்தான்; அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். என் கையைப் பிடித்தபடியேதான் கண்மூடினார்.

அவரைப் பயத்தில் தனியே விடாத தர்மகர்த்தா அவர்களுக்கும், கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், செபித்த பங்குத் தந்தைக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

இன்று இந்த நினைவு நாள் பந்தியில் உங்கள் முன் வருபவை அண்ணன் சேர்த்த கிண்ணங்கள்தாம். தயங்காமல் எடுத்துச் சாப்பிடுங்கள்.