கண்மாய் மூலைப் பேய்

எங்கள் கண்மாயின் தென்மூலையில் தாழம்புதர் சூழ்ந்த ஒரு படித்துறை இருக்கிறது. தண்ணீரெல்லாம் அல்லி. கரையேறி நின்றால் கிழக்கே கடல் தெரியும். ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் இப்படி ஓர் இடமா என்று வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அந்த வாய்களைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது.

அங்கே ஒரு பேய் உண்டு. தண்ணீரில் விழுந்து செத்த கன்னிப்பெண்ணாம். தன்னைப் பார்க்கிற ஆம்பளையின் கண்ணை அவித்துவிடுவாளாம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என்னை அங்கே குளிக்கக் கூட்டிப்போனவர் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதுகு தேய்த்துவிட்டபடியே உண்மையைச் சொன்னார்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம குளிக்கிற எடத்துக்கு ஆம்பளைக வராம இருக்கக் கட்டிவிட்ட கதை. ஒம் புருசங்கிட்டகூட மூச்சு விட்றாத."

ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் எல்லாப் பெண்களுக்கும் அந்தப் படியில் வைத்துத்தான் இது சொல்லப்படும். ஒருத்தியும் வெளியே விட்டதில்லை.

மிளகாய்க் கொல்லையில் பொழுதெல்லாம் பழம் பறித்தால் உடம்பு எப்படி எரியும் என்பது பறித்தவளுக்குத்தான் தெரியும். வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர், பட்டால் இன்னும் காந்தும். கண்மாயில் இறங்கினால்தான் உயிர் வரும். பேய் புண்ணியத்தில் நிம்மதியாகக் குளித்தோம். என் மாமனார் ஒருமுறை ஆட்டைத் தேடி அந்தப் பக்கம் போய்விட்டு வந்து, கண்வலியில் படுத்துவிட்டார். ஊரே நம்பியது. நாங்கள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டோம்.

அந்தப் பேய்க் கதையை எவனோ ஒருத்தன் வீடியோவாகப் போட்டான். பயந்து ஓட வேண்டியவர்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். படியெல்லாம் பீர் பாட்டில், பிரியாணிப் பொட்டலம். எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி அவர்களே வைப்பார்கள், பிறகு அவர்களே அலறிக்கொண்டு படமெடுப்பார்கள். என்ன பிறவிகளோ!

பிறகுதான் அந்த அசிங்கம் நடந்தது. ஒரு பிற்பகலில் தனியாகக் குளிக்கப் போன அக்காவைப் புதருக்குள் ஒளிந்திருந்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். ஈரச் சேலை ஒட்டிய முதுகும் படியேறும் காலும் தெரிந்தன. முகம் இல்லை. மேலே பெரிய எழுத்தில், நிஜப் பேய் சிக்கியது என்று போட்டிருந்தது. என் கணவரே போனை நீட்டி, "பாத்தியா, பேயி!" என்று சிலிர்த்துக்கொண்டார். சொந்த மதினியின் முதுகு என்று தெரியாமல் அவர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். போனைப் பிடுங்கி மாட்டுக் கழனித் தொட்டியில் போடலாம் போலிருந்தது.

பெண்கள் கூடிப் பேசினோம். பேயே இல்லை என்று சொன்னால், அப்படியானால் வீடியோவில் இருப்பவள் யார் என்று ஊர் கேட்கும். சொல்லாவிட்டால் பைக்குகள் நிற்காது. எங்களுக்குக் குளிக்க வேறு தண்ணீரும் கிடையாது.

மறுநாள் பைக் சத்தம் கேட்டதும் அக்காவே கரைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வந்திருந்த பையன்களுக்கு நடுவில் போய் நின்றார்.

"ஏலே, அது பேயி இல்ல, நாந்தான். மொளகா எரிச்சலுக்குக் குளிக்க வந்தேன். பொம்பளைக குளிக்கிற எடம்ப்பா இது. அத அழிச்சிருங்கய்யா. எனக்குப் பேரன் பேத்தி இருக்கு, நாளைக்கு அதுக பாக்கும்."

பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்கப்பட்டுவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். ஒருவன் போனை அக்காவின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"அக்கா, இதையே இன்னொரு தடவ சொல்றீங்களா? முடிய மட்டும் கொஞ்சம் விரிச்சுப் போட்டுக்கங்க."