வழக்கமாய் வசிப்போர்

அக்கா முதலில் பார்ப்பது பட்டியலின் அடியைத்தான். ஸ்கேலை அடிக்குறிப்பின் கீழ் வைத்து, உதடு அசைய இரண்டு முறை படித்து, அப்புறம்தான் மேலே ஏறி எண்களுக்கு வருவார். இடப்பக்கம் பெல்ஜியத்தின் மக்கள்தொகை, வலப்பக்கம் நெதர்லாந்தினுடையது, பத்தாண்டுக்கு ஒரு வரி. காலையிலிருந்து இந்த ஒரு பக்கத்தை நான்காவது முறையாகப் பார்க்கிறார். அதற்கு வரைபடம் போடவேண்டிய நான் எதிர் மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

"அக்கா, அந்த நாட்டுக்காரங்களே இவ்வளவு கவலைப்பட மாட்டாங்க."

"நீங்க பேசுவீங்க தம்பி. தப்பு வந்தா என் தலைதானே உருளும்!"

பள்ளிகளுக்கான புள்ளிவிவரப் புத்தகம் எங்களுடையது. போன பதிப்பில் ஒரு நாட்டுக்கு வழக்கமாய் வசிப்போரையும், மற்றதற்குக் கணக்கெடுத்த நாளில் அங்கே இருந்தவர்களையும் போட்டுக் கலந்துவிட்டோம். நூறாண்டுக்கு முன் பெல்ஜியத்தில்தான் ஆள் அதிகம். பிறகு நெதர்லாந்து முந்திக்கொண்டு எங்கோ போய்விட்டது. எந்த ஆண்டில் முந்தியது என்பது எங்கள் புத்தகத்தில் தப்பாக விழுந்தது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அக்கா. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

அதிலிருந்து ஆளைப் பார்த்தாலே தரம் பிரிக்கிறார். "என் நாத்தனார் நாலு மாசம் எங்க வீட்டுல இருந்தா. இருந்தா, அவ்வளவுதான். வசிக்கல. பெட்டியைக்கூடப் பிரிக்கல!" என்பார். அலுவலகமே சிரிக்கும்.

அவர் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. வெல்டர். பத்து மாத ஒப்பந்தத்தில் நெதர்லாந்துக் கப்பல் பட்டறைக்குப் போனவர், இரண்டு மாதம் நீட்டித்துக்கொண்டார். வீட்டில் அக்காவும் ஒரே மகளும்தான். வரும் பதினாலாம் தேதியோடு அவர் போய் ஒரு வருஷம் முடிகிறது.

"பன்னிரண்டு மாசம் ஆயிடுச்சுன்னா அந்த நாட்டு ஆள் தம்பி. இங்க கழிச்சு அங்க கூட்டிடுவாங்க. நானே எத்தனை தடவை டிக் போட்டிருக்கேன்."

"அது பட்டியலுக்குத்தானே அக்கா?"

"நேத்து போன்ல, 'உங்க ஊர்ல மழையா'ன்னு கேக்கறாரு. எங்க ஊராம்! பயமா இருக்கு தம்பி."

தேநீர் வாங்கி வந்து வைத்தேன். ஆறிப்போனது.

மதியம் அக்காவின் போன் அடித்தது, வீட்டுக்காரர்தான். எழுந்து ஜன்னலோரம் போனார். "இன்னும் எத்தனை மாசம்?" என்றார். அப்புறம், "எட்டா?" என்றார். "சரிங்க. உடம்பைப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாவம், கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

பிறகு பையிலிருந்து நகராட்சியின் குடும்பப் படிவத்தை எடுத்தார். சாயங்காலம் வாங்கிப்போக ஆள் வருமாம். வழக்கம்போல் அடிக்குறிப்பிலிருந்து ஆரம்பித்தார். ஓராண்டோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குபவர்களைச் சேர்க்கக் கூடாது என்று என் இடத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. அருகருகே வைத்த இரண்டு நாடுகளில் ஓர் ஆள் இடம் மாறினாலும் என்னை வரைபடத்தைத் திரும்பப் போடவைக்கும் பெண்பிள்ளை இவர்.

வீட்டில் வழக்கமாய் வசிப்போர் எத்தனை பேர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. நான் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மூன்று என்று எழுதினார். படிவத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டார்.